எழுபத்தொன்றின் காய்ச்சல்

மஞ்சணத்திக்குளத்தில் ஒரு முயலுக்கு வரவேண்டிய காய்ச்சல் சுடலைவடிவுக்கு வந்தது ஒரு புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, ஊருக்குத் தெற்கே தேரி என்கிற செம்மணல் மேடு தொடங்கும் இடத்திலிருந்த குளுக்கோஸ் பாட்டில் ஆலையின் பின்புறத்து முயல் கொட்டகையில். முந்தின நாள் சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனவள் என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

அவள் வேலை முயல் பார்ப்பது. ஆலையில் தயாராகிற குளுக்கோஸும் உப்புத் தண்ணீரும் நோயாளிகளின் நரம்பில் ஏறப்போகிறவை. எவ்வளவு கொதிக்கவைத்து வடிகட்டினாலும், செத்துப்போன கிருமியின் தூசி கண்ணுக்குத் தெரியாமல் சில நேரம் தண்ணீரில் தங்கிவிடும், தங்கினால் ஏற்றிக்கொண்டவருக்குக் குளிரும் காய்ச்சலும் தூக்கிப்போடும். அதைக் கண் கண்டுபிடிக்காது, நாக்கு கண்டுபிடிக்காது, ரத்தம் மட்டும்தான் கண்டுபிடிக்கும். அதனால் ஒவ்வொரு சரக்கும் கேட்டைத் தாண்டும் முன்னால் மூன்று முயல்களைத் தாண்ட வேண்டும் என்பது சட்டம். முயலை மரப்பெட்டிக்குள் விட்டு, தலை மட்டும் வெளியே தெரியும்படி கழுத்துப் பலகையைப் பூட்டி, காது நரம்பில் தண்ணீரை ஏற்றி, வால் பக்கம் தெர்மாமீட்டரை வைத்து மூன்று மணி நேரம் பார்ப்பார்கள். முயலுக்குச் சூடு ஏறாவிட்டால் பாட்டில் லாரிக்குப் போகும், ஏறினால் அத்தனையும் சாக்கடைக்குப் போகும்.

பதினோரு வருஷமாக வடிவு இந்த வேலையைச் செய்தாள். இது பாவம் என்று ஊரில் சிலர் சொன்னபோது அவள் மறுக்கவுமில்லை, வேலையை விடவுமில்லை. அவளுடைய தங்கச்சி செண்பகத்தை, கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில், வாந்திபேதி என்று எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து எந்தக் கம்பெனியுடையதோ ஒரு பாட்டிலை ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் கட்டில் கடகடவென்று ஆடியது, நான்கு பேர் பிடித்தும் அடங்கவில்லை, விளக்கு வைக்கும் நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. அதனால் வடிவு காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் முயல்களைப் பார்த்து, "கோவிச்சுக்கிடாதீய, உங்கள விட்டா கேக்க நாதியில்ல," என்று சொல்லிவிட்டுத்தான் அறுகம்புல்லைப் போடுவாள்.

முயல்களுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் ஊசி போடக் கை வராது என்பது பியூலா மேடத்தின் உத்தரவு. பியூலா, சோதனைப் பிரிவின் தலைவி, தினமும் பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள், எதையும் எழுதிவைத்துவிட்டுத்தான் நம்புகிறவள். காதில் குத்திய எண்தான் முயலுக்கு அடையாளம். ஆனால் எந்த எண்ணையும் நாலு வருஷம் கூப்பிட்டால் அது பெயராகிவிடும் என்பதை எந்த உத்தரவாலும் தடுக்க முடியாது. எழுபத்தொன்று அப்படிப் பெயரானவள், இடது காது நடுவில் மடிந்த வெள்ளை முயல்.

முயல் சுத்தக்காரப் பிராணி. மனசு சரியில்லை என்றால் முன்னங்கால் இரண்டையும் நக்கி நனைத்து, காதிலிருந்து மூக்கு வரைக்கும் வழித்து வழித்து முகம் கழுவிக்கொள்ளும். கழுத்துப் பலகையில் பூட்டியபிறகு கால்கள் பெட்டிக்குள் சிக்கிவிடும், முகம் வெளியே தனியாக நிற்கும். மற்ற முயல்கள் சும்மா இருந்துவிடும். எழுபத்தொன்று மட்டும் மூன்று மணி நேரமும் பெட்டிக்குள் தோளை அசைத்து அசைத்துப் பார்ப்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் வடிவு தன் கட்டைவிரல்களைத் தண்ணீரில் நனைத்து, காதிலிருந்து மூக்கு வரைக்கும் அவளுக்கு முகம் கழுவிவிடுவாள். இது பதிவேட்டில் இல்லாத வேலை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எழுபத்தொன்றுக்கு உடம்பு உதறத் தொடங்கியது. வடிவு முகத்தைக் கழுவிவிட்டாள். இரண்டு கன்னத்தையும் வழித்த கைகள் அதோடு நிற்காமல், குழந்தைக்கு முகம் துடைத்துப் பழகிய கைகளுக்கு அடுத்த வேலை எதுவோ அதையும் செய்தன: மேலே எழும்பி வடிவின் நெற்றிப்பொட்டில் மடங்கி நெட்டி முறித்தன. பத்து விரலும் சடசடவென்று முறிந்தது, ஒன்றுகூடப் பாக்கியில்லை. உன் மேல் விழுந்த கண்ணும் கேடும் என் மேல் வரட்டும் என்று அதற்கு அர்த்தம். ஊரில் எல்லாத் தாய்மாரும் காலங்காலமாக அப்படிக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், கேட்டது வந்து சேர்ந்ததா என்று ஒருவரும் சரிபார்த்ததில்லை. வடிவுக்கு வந்து சேர்ந்தது.

எழுபத்தொன்று உதறுவதை நிறுத்தினாள். பக்கத்துப் பெட்டிகளில் இருந்த இரண்டுக்கும் வடிவு அதையே செய்தாள், அவையும் அடங்கின. பியூலா வந்து பார்த்தபோது மூன்று முயலுக்கும் சூடு ஏறவில்லை.

"சரக்கு நல்லாயிருக்கு," என்று பியூலா பேனாவைத் திறந்தாள்.

"இல்ல மேடம், இது ஆகாது. கொட்டிருங்க."

"முயலுக்கு ஒண்ணுமில்லையே வடிவக்கா."

"அதுகளுக்கு இல்ல. எனக்கு அடிக்கி."

பியூலா வேறு ஒரு தெர்மாமீட்டரை எடுத்து அவள் வாயில் வைத்தாள், நூற்றிரண்டு காட்டியது. வடிவை வாசல் வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு வேறு மூன்று முயல்களுக்கு அதே தண்ணீரை ஏற்றிப் பார்த்தாள், மூன்றுக்கும் காய்ச்சல் தகித்தது. சரக்கு சாக்கடைக்குப் போனது. அடுத்த நான்கு வாரமும் மாற்றி மாற்றிச் சோதித்தாள். நல்ல தண்ணீருக்கு வடிவு சும்மா இருந்தாள், கெட்ட தண்ணீருக்கு வடிவு கொதித்தாள், முயல்கள் எந்நேரமும் புல் தின்றன. பியூலா கேள்வி கேட்கத் தெரிந்தவள்தான், ஆனால் இதற்குமேல் கேட்டால் வருகிற பதிலை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை. முயலின் சூடு என்று அச்சடித்த கட்டத்தில் வடிவுக்கு ஏறியது எத்தனை டிகிரியோ அதை முயலுக்கு ஏறியதாக எழுதினாள். அப்படி எழுதுகிற நாளில் அவளுக்கு மத்தியானச் சோறு இறங்காது.

ஊர் இதை இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டது. செவ்வாயும் வெள்ளியும் சோதனை நாள் என்பதால் அன்றைக்கு மத்தியானப் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டைக் கண்டக்டர் வடிவுக்கு ஒதுக்கிவைத்தார். ஊர் டாக்டர் அவளுக்கு மாத்திரை எழுதாமல், இது வேறொருவருடைய காய்ச்சல், தானே போய்விடும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆலை ஆபீசில் அந்தச் சீட்டுக்கு லீவு தர மறுத்து அரை நாள் சம்பளத்தைக் கழித்தார்கள், சொந்தக் காய்ச்சலுக்குத்தான் லீவு உண்டாம். கோயில் பூசாரி அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றார், அம்மன் என்ன ஆலைச் சங்கு ஊதினபிறகுதான் இறங்குவாளா என்று பூக்காரி கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். யார் வீட்டிலிருந்து என்று தெரியாமலே மிளகு ரசம் தூக்குவாளியில் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்ட தாய்மார்களும் வந்தார்கள். வடிவு ஒவ்வொரு பிள்ளையின் கன்னத்தையும் வழித்து விரல் வலிக்க வலிக்க நெட்டி முறித்தாள், ஒன்றும் வரவில்லை, வராததற்காக அவள் அழுதாள். டீக்கடையில் இரண்டு நாள் இதைப் பேசிய ஊர், மனுசப் பிள்ளைக்கு நெட்டி முறிக்க வீட்டில் ஆள் இருக்கிறது, முயலுக்குத்தான் யாருமில்லை, அதனால் இது சரிதான் என்ற முடிவுக்கு வந்து அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

ஆனால் கெட்ட தண்ணீர் வருகிற நாளெல்லாம், மூன்று முயல் பங்குக் காய்ச்சல் ஓர் உடம்பில் எரிந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? தை பிறந்தபோது வடிவுக்கு ரவிக்கை தோளில் நிற்கவில்லை. அவள் முகம் ஒட்டிப்போனதை முதலில் பார்த்தவர்கள் லேபிள் ஒட்டும் பிரிவின் ஏழு பெண்கள். அவர்களில் சத்தம் பெரிதான சந்தனமாரி, "ஏட்டி, முயலுக்குப் பாத்து நீ முடிஞ்சு போயிராத," என்று திட்டினாள். வடிவு சிரித்தாள். நெட்டி முறிக்காமல் இருந்துவிடலாம்தான், ஆனால் தன்னால் தடுக்க முடியும் என்று தெரிந்தபிறகு எழுபத்தொன்று உதறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது. அதையும் அவள் சந்தனமாரியிடம் சொல்லிப் பார்த்தாள்.

மாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தப்பு நடந்தது. அதை வேறு எந்த ஊர்க்காரரும் செய்திருக்க மாட்டார்கள். சந்தனமாரி டீ நேரத்தில் கொட்டகைப் பக்கம் வந்து, வடிவு புல் எடுக்கப் போயிருந்த சமயம் பார்த்து, ஊசி ஏறிப் பெட்டியில் இருந்த மூன்று முயலின் கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனாள். வடிவுக்குக் கொஞ்சம் குறையட்டுமே என்றுதான். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் வடிவு விடமாட்டாள். அவள் போனபிறகு லேபிள் பிரிவின் இன்னொருத்தி வந்தாள், அவளும் யாரிடமும் சொல்லவில்லை. இப்படி ஏழு பேரும் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி வந்து, ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் என்று நினைத்து, மூன்று முயலின் காய்ச்சலையும் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் வடிவு வந்து நெட்டி முறித்தபோது அவளுக்கு வெயிலில் நடந்து வந்தால் ஏறுகிற சூடுதான் ஏறியது. பியூலா தெர்மாமீட்டரைப் பார்த்தாள், நிம்மதியாக எழுதினாள், மூன்றரை மணிக்கு லாரி கிளம்பிவிட்டது.

ஐந்து மணிப் பஸ்ஸில் ஏழு பேரும் ஏறினார்கள். ஒருத்தி ஜன்னலை அடைக்கச் சொன்னாள். இன்னொருத்திக்குக் கண் எரிந்தது. மூன்றாமவள் தனக்குப் பிடித்த முறுக்கை வாயில் வைத்துவிட்டுக் கசக்கிறது என்றாள். சந்தனமாரி, வாழ்நாளில் பேசாமல் வந்தறியாதவள், முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டு பேசாமல் வந்தாள். டிரைவருக்குப் பின்சீட்டில் இருந்த வடிவு திரும்பி ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். எழுந்து சந்தனமாரியிடம் வந்தாள்.

"சந்தனம், கொட்டகைக்கு வந்தியாட்டி?"

சந்தனமாரி தலை குனிந்தாள். "ஒன் நல்லதுக்குத்தாம்ட்டி."

"நீ?" என்று அடுத்தவளைக் கேட்டாள். "நீ? நீயும் வந்தியா?"

ஏழு தலையும் குனிந்தது. வடிவு ஏழு பேருடைய கழுத்திலும் கை வைத்துப் பார்த்தாள், ஒவ்வொன்றும் ஒன்றுமில்லாத சூடு, ஏழையும் தன்னுடையதையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு கட்டிலையே ஆட்டுகிற சூடு. "பஸ்ஸ நிறுத்துங்க," என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் வாழைத்தோப்பு ஓரத்திலேயே நிறுத்திவிட்டார். கண்டக்டருடைய போனை வாங்கிப் பியூலாவைக் கூப்பிட்டாள்.

"மேடம், லாரி எங்க நிக்கி?"

"ஏன் வடிவக்கா?"

"திருப்புங்க மேடம். அந்தத் தண்ணி செண்பகத்துத் தண்ணி. திருப்புங்க."

செண்பகம் யாரென்று பியூலாவுக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்காமல் லாரிக்குப் போன் போட்டாள். லாரி டிரைவர் கயத்தாறு தாண்டி ஒரு கடையில் பரோட்டாவுக்கு உட்கார்ந்திருந்தார், இலையை மடித்துவிட்டு லாரியைத் திருப்பினார். ஒரு பாட்டில்கூட இறங்கியிருக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, அதே தண்ணீரை மூன்று முயலுக்கு மறுபடியும் ஏற்றி, லேபிள் பெண்களைக் கொட்டகைக்குள் விடாமல், வடிவு தனியாக நெட்டி முறித்தாள். பியூலா வேண்டாம் என்றாள், முயலிலேயே பார்த்துக்கொள்வோம் என்றாள், வடிவு கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் அவள் விழுந்தாள். பற்கள் கிட்டித்து உடம்பு தரையிலிருந்து எழும்பி எழும்பி விழுந்தது. நான்கு பேர் பிடித்தார்கள், காலைப் பிடித்திருந்தவள் பியூலா. கழுத்துப் பலகையில் இருந்து எழுபத்தொன்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்கு மேல் உதறல் விட்டதும் வடிவு முதலில் சொன்னது, "இப்படித்தான் இருந்திருக்கும் அவளுக்கு," என்பது. அப்புறம் வேறொன்றும் சொன்னாள்.

"மேடம், இது சரிப்படாது. முயல் தாங்குனா பாவமா இருக்கு. நாங்க தாங்குனா, ஒருத்திக்கு ஒருத்தி இரக்கப்பட்டே கெட்ட தண்ணிய மறைச்சிருதோம். ரத்தமும் வேணும், இரக்கப்பட ஆளும் இருக்கக்கூடாது. அப்படி ஒண்ணு இருக்கா உங்க படிப்புல?"

பியூலா அவள் காலை இன்னும் விடவில்லை. "இருக்கு வடிவக்கா," என்றாள், சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

நாலு வருஷமாக அது அவள் மேஜையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. பெங்களூரில் ஒரு பயிற்சிக்குப் போனபோது கற்றுக்கொண்டு வந்த முறை: மனுச ரத்தம் சில துளியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதில் சரக்குத் தண்ணீரைக் கலந்து, உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டால், தண்ணீர் கெட்டதென்றால் குழாயில் இருக்கிற ரத்தமே கண்டுகொள்ளும், மறுநாள் மருந்துச் சொட்டு விட்டதும் மஞ்சளாகக் காட்டிக்கொடுக்கும். இதற்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதமும் அங்கேயே கிடந்தது. முயல் இருக்கிறது, சட்டமும் முயலைத்தான் கேட்கிறது, யார் எழுதி அலைவது என்று போட்டுவைத்தாள். ஒரு நாளில் தபாலில் சேர்த்திருக்கக்கூடியதற்கு நாலு வருஷம் முயல்கள் பெட்டியில் இருந்தன. அன்றைக்குச் சாயங்காலம் தபாலாபீசுக்கு அவளே நடந்துபோய்ச் சேர்த்தாள்.

முயலின் காய்ச்சல் மனுசிக்கு வந்ததை இரண்டு வாரத்தில் ஏற்றுக்கொண்ட மஞ்சணத்திக்குளம், இதை நம்ப மட்டும் மறுத்துவிட்டது. "கண்ணாடிக் குழாய்க்குக் காய்ச்சல் அடிக்குமாம்ல!" என்று டீக்கடையில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நெட்டி முறித்தால் வரும், அது உலக நடப்பு, அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆளில்லாத ரத்தம் தன்னால் சூடாகும் என்றால் யாருடைய பாட்டனாவது கேள்விப்பட்டிருக்கிறானா? பூசாரி இது கண்கட்டு என்றார். பூக்காரிக்கே சந்தேகம்தான். பியூலா ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் குழாய்களை அடுக்கிவைத்துத் திரும்பத் திரும்ப விளக்கினாள். கடைசியில் ஊரை நம்பவைத்தது விளக்கம் அல்ல, சந்தனமாரி. அவள் சேலையைத் தோளில் ஏற்றிவிட்டுக் கையை நீட்டினாள்.

"எடுங்க மேடம். அன்னைக்குத் திருடிட்டுப் போனதுக்கு இன்னைக்குக் குடுத்துட்டுப் போறேன்."

அவளுக்குப் பின்னால் லேபிள் பிரிவு முழுக்க நின்றது, அடுத்த மாதம் கண்டக்டர் நின்றார், அதற்கடுத்த மாதம் பூசாரியும் நின்றார். ஒரு வருஷம் குழாயும் முயலும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. வடிவு அந்த ஒரு வருஷமும் நெட்டி முறிக்கக் கூடாது என்று பியூலா கேட்டுக்கொண்டாள், கட்டத்தில் இனிப் பொய் எழுத மாட்டேன் என்றாள். கெட்ட சரக்கு வந்த ஒவ்வொரு நாளும் வடிவு இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுபத்தொன்றின் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் கிடந்த நாட்களைவிட இந்த வருஷம்தான் அவளுக்குக் கொடுமையாக இருந்தது. முயல் எதையெல்லாம் பிடித்ததோ குழாய் அதையெல்லாம் பிடித்தது, முயல் தவறவிட்ட ஒன்றையும் பிடித்தது. மேலிடத்திலிருந்து வந்து பார்த்தார்கள், கேட்டார்கள், போனார்கள், இன்னொரு முறை வந்தார்கள். சித்திரையில் அனுமதிக் கடிதம் வந்தது.

குழாயை மட்டும் வைத்துப் பார்த்த முதல் சரக்கு கெட்ட சரக்காக இருந்தது. காலையில் பியூலா சொட்டு விட்டதும் வரிசையில் இருந்த குழாய்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. பக்கத்தில் நின்ற வடிவுக்கு அது பொறுக்கவில்லை. கை தானாக எழும்பியது, முதல் குழாயின் இரண்டு பக்கத்தையும் கட்டைவிரலால் வழித்து நெற்றிப்பொட்டுக்குப் போனது. விரல் மடங்கும் முன்னால் பியூலா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் வடிவக்கா. இது வேற யாரோடதும் இல்ல. நம்ம காய்ச்சல்தான்."

முயல்கள் ஊருக்குள் பிரிந்து போயின. சந்தனமாரி இரண்டை எடுத்துக்கொண்டாள், பஸ் டிரைவர் ஒன்றை, ஊர் டாக்டர் ஒன்றை. எழுபத்தொன்றை வடிவு மடியில் வைத்துப் பஸ்ஸில் தன் வழக்கமான சீட்டில் கொண்டுபோனாள். வீட்டு முற்றத்தில் இறக்கிவிட்டதும் அந்த முயல் ஓடவில்லை, புல்லைத் தேடவில்லை. நட்டநடு வெயிலில் பின்னங்காலில் உட்கார்ந்து முன்னங்கால் இரண்டையும் நக்கி நனைத்து முகம் கழுவியது, காதிலிருந்து மூக்கு வரைக்கும், மடிந்த காதை இழுத்து இழுத்து, வடிவு உலை வைத்துச் சோறு வடிக்கிற வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தது.

அந்த ஐப்பசியில் அடைமழை பிடித்தது, ஊரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல், வடிவுக்கும் வந்தது. இது அவளுடைய சொந்தக் காய்ச்சல். ஆபீசில் உடனே லீவு கொடுத்தார்கள். மத்தியானம் பாயில் சுருண்டு கிடந்தவளின் தலைமாட்டில் ஏதோ அசைந்தது, கண்ணைத் திறந்தால் எழுபத்தொன்று. முகத்தருகே வந்து உட்கார்ந்து அவளையே பார்த்தாள். பிறகு ஈரமான முன்னங்கால் இரண்டையும் வடிவின் கன்னங்களில் வைத்து, மேலிருந்து கீழாக ஒரு முறை வழித்தாள். வழித்த கால்களை மெதுவாகத் தன் காதோரத்துக்குத் தூக்கினாள்.

வடிவு பதறி எழுந்து அந்த இரண்டு காலையும் பாதியிலேயே பிடித்துவிட்டாள். பிடித்தபடியே நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். முயலின் நெஞ்சு படபடவென்று அடித்தது, அவளுடையதும் அடித்தது.

"வேண்டாம் தாயி," என்றாள். "நீ வாங்குனதெல்லாம் போதும். இது என் காய்ச்சல், நானே வச்சுக்கிடுதேன்."

மூன்று நாள் அவள் அதை வைத்துக்கொண்டாள்.